கிராக்சைட்: பாறைமேல் பதினைந்து ஆண்டு வளர்ந்த ஒரு விக்டோரிய வீடு

இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தில், ராத்பரி என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. அதை ஒட்டிய மலைச்சரிவில் நிற்பதுதான் கிராக்சைட். இந்த வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். கட்டடக்கலைக்காரர்கள் கூரைகளையும் புகைபோக்கிகளையும் பார்த்துவிட்டு, கட்டடக்கலைஞர் நார்மன் ஷாவின் கைவண்ணம் என்று பேசுவார்கள். பொறியியல்காரர்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். நீர்மின்சாரத்தில் விளக்கெரிந்த முதல் வீடு என்ற பெருமையே அவர்களுக்குப் போதும். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் இப்படிப் பிரித்துப் படித்தால், வீடு ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்பது கடைசிவரை பிடிபடாது. அந்த வடிவத்தைத் தீர்மானித்தவை மூன்று: செங்குத்தான சரிவு, அதில் இறங்கிவரும் தண்ணீர், ஒரேயடியாகக் கட்டாமல் அறை அறையாகச் சேர்த்துக்கொண்டே போன பழக்கம். இந்த ஆய்வு அவற்றைப் பின்தொடர்கிறது.

மனையும் மனிதரும்

வில்லியம் ஆம்ஸ்ட்ராங் 1810-இல் நியூகாசிலில் பிறந்தவர். தொழிலுக்கு வக்கீல், மனசெல்லாம் இயந்திரத்தில். உயரத்திலிருந்து விழும் தண்ணீரின் விசையில் பெரும்பகுதி நீர்ச்சக்கரத்தில் வீணாகிறதே என்ற எண்ணம் அவரை விடவே இல்லை. அதிலிருந்து பிறந்ததுதான் நீரழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிரேன். 1847-இல் நியூகாசிலின் எல்ஸ்விக் பகுதியில் தொழிற்சாலை தொடங்கினார். முதலில் கிரேன்களும் பாலங்களும்; கிரிமியப் போருக்குப் பிறகு பீரங்கிகள்; பின்னால் போர்க்கப்பல்கள். லண்டன் டவர் பாலம் 1894-இல் திறந்தபோது அதைத் தூக்கி இறக்கிய ஹைட்ராலிக் இயந்திரங்கள் அவருடைய கம்பெனி செய்தவை.

ராத்பரி அவருக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். உடம்பு சரியில்லாத பிள்ளையாக வளர்ந்தவர், காற்று மாற்றத்துக்காக அங்கே அழைத்துவரப்பட்டிருக்கிறார். தொழிலில் மூழ்கி ஓய்வே இல்லாமல் பல வருஷம் கழித்த பிறகு, 1863-இல் திரும்ப அங்கே போய், டெப்டன் ஓடைக்கு மேலே கொஞ்சம் நிலம் வாங்கினார். நியூகாசிலிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். வாங்கிய இடம் வெறும் பாறையும் புதரும். அதில் இரண்டு மாடியில் சுமாரான ஒரு விடுதி வீடு கட்டிக்கொண்டார். மீன்பிடிக்கவும் விடுமுறையில் தங்கவும் அது போதும். கட்டடக்கலை என்று சொல்லிக்கொள்ள அந்த முதல் வீட்டில் பெரிதாக ஒன்றும் கிடையாது.

நான் கவனிக்கச் சொல்வது, வீட்டை எங்கே வைத்தார் என்பதை. பள்ளத்தாக்கின் அடியில் சமதளம் இருந்தும் அங்கே வைக்கவில்லை, உச்சியிலும் வைக்கவில்லை. நடுச்சரிவில், பாறையை உடைத்து, முதுகை மலைக்குக் கொடுத்து, முகத்தைப் பள்ளத்தாக்குக்குக் காட்டி உட்கார வைத்தார். காட்சிக்கு இது அருமையான இடம். கட்டுவதற்கு மகா சிரமம். பக்கத்தில் எதைச் சேர்த்தாலும் பாறையைக் குடைய வேண்டும், இல்லையென்றால் கீழிருந்து சுவர் எழுப்பி மேடை கட்ட வேண்டும். பின்னால் வந்த ஒவ்வொரு முடிவும் இந்த ஒரு முடிவுக்குக் கட்டுப்பட்டதுதான்.

ஒரு பிற்பகலில் போட்ட கோடு

ரிச்சர்ட் நார்மன் ஷா உள்ளே வந்தது ஒரு ஓவியத்தின் வழியாக. நியூகாசிலின் ஜெஸ்மண்ட் டீனில் ஆம்ஸ்ட்ராங்குக்கு ஒரு விருந்து மண்டபம் இருந்தது. ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்த மிகப் பெரிய ஓவியம் ஒன்றை அவர் வாங்க, அதை மாட்ட அந்த மண்டபத்தில் இடம் போதவில்லை. ஹார்ஸ்லிக்கு வேண்டியவர் ஷா. மண்டபத்தை நீட்டிக் கட்டும் வேலை அவருக்குப் போனது. அந்தப் பழக்கத்தில் 1869-இல் ராத்பரிக்கும் அழைக்கப்பட்டார். மற்ற விருந்தாளிகள் வேட்டைக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில், வரப்போகும் முழு வீட்டையும் ஷா தாளில் வரைந்து முடித்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கேட்கச் சுவையாக இருந்தாலும் நான் அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். ஷா வரைந்த அந்தத் தாளில் இருந்தது அதிகபட்சம் ஒரு நிழலுருவமாக இருக்கலாம்: பாறையிலிருந்து முளைத்தது போன்ற கோபுரங்கள், உயரமான புகைபோக்கிகள், ஏறி இறங்கும் கூரைகள். உண்மையில் கட்டப்பட்டது வருஷா வருஷம் மாறிக்கொண்டே வந்தது. வேலை 1880-களின் நடுவரை இழுத்தது.

ஷாவுக்கு அப்போது 38 வயது. எடின்பரோக்காரர். வில்லியம் பர்னிடமும் ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட்டிடமும் வேலை கற்றவர். சசெக்ஸில் லெய்ஸ்வுட் என்ற வீட்டைக் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. பழைய இங்கிலீஷ் பாணி என்று பின்னால் பெயர்பெற்ற அவருடைய நடை அங்கேதான் உருவானது. மரச்சட்டங்களுக்கு நடுவே வெள்ளைப் பூச்சு, செங்குத்தான முக்கோண முகப்புகள், கல் சட்டமிட்ட நீண்ட ஜன்னல்கள், கூட்டாக நிற்கும் புகைபோக்கிகள். தெற்கு இங்கிலாந்தின் பழைய பண்ணைவீடுகளைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த சொத்து அது.

அதைத் தூக்கி நார்தம்பர்லாந்தில் வைத்தது சரியா? இந்த வீட்டின் மீது வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு இதுதான், நியாயமானதும்கூட. அது கல் ஊர். ஸ்காட்லாந்து எல்லையில் நூற்றாண்டுக்கணக்கில் கொள்ளையும் சண்டையும் நடந்த சீமை. பழைய வீடுகள் தடித்த கல்சுவரும் சின்ன ஜன்னலுமாக இருக்கும். மரச்சட்ட முகப்பு அந்த மண்ணுக்குச் சொந்தமில்லாதது. கிராக்சைட்டில் தெரியும் மரச்சட்டங்களில் பெரும்பாலானவை பாரம் தாங்குவதும் கிடையாது. பாரம் முழுக்க மணற்கல் சுவரில் இறங்குகிறது. மரம் மேலே ஒட்டிய தோற்றம்.

இருந்தாலும் அந்த மரம் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். கீழ்ச்சுவர்கள் எல்லாம் அதே மலையின் மணற்கல். கொஞ்ச தூரம் தள்ளி நின்று பார்த்தால் பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. முழு வீடும் கல்லிலேயே உச்சிவரை போயிருந்தால், அந்தச் சரிவில் அது ஒரு கோட்டையாக இறுகிப்போயிருக்கும். மேலே போகப்போக மரமும் வெள்ளைப் பூச்சும் வருவதால் கட்டடம் லேசாகிறது, மனிதர் குடியிருக்கும் இடம் என்று தெரிகிறது. ஊர்ப் பாணிக்கு விசுவாசம் இல்லைதான். மனைக்கு விசுவாசம் இருக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நானும் ஷா எடுத்ததையே எடுப்பேன்.

சேர்த்துச் சேர்த்துக் கட்டியதன் விலை

ஷாவின் முதல் கட்ட வேலை 1870-இல் தொடங்கியது. பழைய விடுதியை இடிக்கவில்லை. அதை நடுவில் வைத்துக்கொண்டு வடக்குப் பக்கமாக நூலகமும் சாப்பாட்டு அறையும் சேர்த்தார். அடுத்த கட்டத்தில் மறுபக்கம் நீண்ட காட்சிக்கூடமும் அதன் கோடியில் கில்நாக்கி கோபுரமும் வந்தன. அந்தக் கோபுரத்தில் முதலில் வானத்தைப் பார்க்க ஒரு ஆய்வுக்கூடம் இருந்தது. ஆம்ஸ்ட்ராங்குக்கு எது புதிதாகப் பிடித்ததோ, அதற்கு ஒரு அறை முளைத்தது. 1870-களின் பின்பாதியில் ஆந்தை அறைகள் எனப்படும் விருந்தினர் பகுதி; கட்டில் கால்களில் ஆந்தை செதுக்கியிருப்பதால் அந்தப் பெயர். 1880-களின் தொடக்கத்தில் பெரிய வரவேற்பறை. 1895-இல் வேறொரு கட்டடக்கலைஞர் சேர்த்த பில்லியர்ட்ஸ் அறை.

இப்படி வளர்ந்த வீட்டின் தளவரைபடத்தை எடுத்துப் பார்த்தால் சிக்கல் உடனே தெரியும். வாசலிலிருந்து முக்கியமான அறைக்கு நேர்வழி கிடையாது. ஒரு கோடியில் நூலகம், மறுகோடியில் வரவேற்பறை; நடுவில் நீண்ட நடை, படிக்கட்டு, மட்ட வித்தியாசம், மறுபடி நடை. ஓவியங்களுக்கும் அபூர்வப் பொருள்களுக்கும் என்று கட்டிய காட்சிக்கூடம், கடைசியில் வரவேற்பறைக்குப் போகும் பாதையாகவும் வேலை செய்ய வேண்டியதாயிற்று. புதிதாக வீடு கட்டும் எவரும் இந்த வரைபடத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இதில் ஆம்ஸ்ட்ராங்கின் பங்கு பெரியது. அவர் தொழிற்சாலை வளர்த்த ஆள். தொழிற்சாலையில் தேவை வந்தபோது ஒரு பட்டறை சேர்ப்பார்கள், அடுத்த ஆர்டர் வந்தால் அடுத்தது. அந்தப் பழக்கத்தோடுதான் வீட்டையும் கட்டினார். 1870-இல் ராத்பரிக்கு ரயில் பாதை வந்ததும் தேவை இன்னும் கூடியது. அதுவரை குதிரைவண்டியில் அலுத்துச் சலித்து வந்துசேர வேண்டிய இடத்துக்கு, இப்போது விருந்தாளிகள் சுலபமாக வர முடிந்தது. வந்தவர்களில் பாரசீக ஷாவும் சயாம் மன்னரும் உண்டு. ஆம்ஸ்ட்ராங் ஆயுதம் விற்ற நாடுகளின் பெரிய மனிதர்கள் இந்த நடைகளில் நடந்திருக்கிறார்கள். ஓய்வு வீடு சில வருஷங்களிலேயே வியாபார வீடாகவும் ஆகிவிட்டது. வீட்டுக்கு ஓடிய பணத்தில் பீரங்கிப் பணம் நிறைய இருந்தது என்பதைச் சொல்லாமல் அதன் அழகைப் பேசுவது முறையாகாது.

நூலகமும் அதன் அடியில் இருப்பதும்

தளவரைபடம் குழப்பினாலும், வீட்டை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் வெட்டுத்தோற்றத்தைப் பார்த்தால் கதை மாறிவிடும். சரிவில் நிற்கும் வீட்டுக்குக் கிடைக்கும் வரம், கீழ்மட்டம். மலைப்பக்கமிருந்து பார்த்தால் அது தரைக்கடியில் இருக்கும். பள்ளத்தாக்குப் பக்கம் வெளிச்சமும் காற்றும் வாங்கும். ஷா இதை எங்கும் வீணாக்கவில்லை. அதற்கு நல்ல சாட்சி வடகோடி.

மேலே நூலகம். பள்ளத்தாக்கை நோக்கி வெளியே துருத்தி நிற்கும் அகன்ற ஜன்னல். கல் சட்டங்களுக்கு நடுவே வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் கம்பெனி செய்த வண்ணக்கண்ணாடி. ஓக் மரம் பதித்த சுவர், விட்டங்கள் தெரியும் கூரை, எகிப்திய ஆனிக்ஸ் கல்லில் கணப்பு. வீட்டிலேயே நன்றாக அமைந்த அறை எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். பெரியதாக இருந்தும் மிரட்டாது. உட்கார்ந்து படிக்கலாம், நாலு பேரோடு பேசலாம், ஜன்னலோரம் போய்ச் சும்மாவும் நிற்கலாம். மூன்றுக்கும் தனித்தனி மூலை இருக்கிறது.

அதற்கு நேர் கீழே துருக்கிக் குளியல். ஆவி அறை, குளிர்நீர்த் தொட்டி, வெந்நீர்த் தொட்டி, ஷவர், உடை மாற்றும் அறை என்று முழு வரிசையும் உண்டு. வீட்டுக்குச் சூடேற்றும் குழாய்களும் அந்தப் பக்கமே ஓடின. நார்தம்பர்லாந்துக் குளிரில் இது எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று சரிவின் வெட்டுத்தோற்றத்தைப் பார்த்தால்தான் புரியும். சூடு எப்படியும் மேலே போகும். மேலே இருப்பது மனிதர் அதிக நேரம் உட்காரும் அறை. அக்காலத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் கணப்பை விட்டு நாலடி தள்ளினால் விறைத்துப்போகும். இங்கே வீட்டைச் சூடாக வைக்கும் யோசனையும் அறைகளை அடுக்கும் யோசனையும் ஒரே சமயத்தில் நடந்திருக்கின்றன. கட்டடம் முடிந்த பிறகு குழாய்க்காரரைக் கூப்பிட்டுச் சுவரை உடைக்கும் நம் காலத்து வழக்கத்துக்கு இது ஒரு நல்ல பாடம்.

பக்கத்துச் சாப்பாட்டு அறையில் பார்க்க வேண்டியது கணப்பு. கோதிக் வளைவு வைத்த கல் திறப்பு. அதற்குள்ளே இரண்டு பக்கமும் உட்கார மர இருக்கை. அறைக்குள் ஒரு சிற்றறை. கல்லில் வட்டார ஆங்கிலத்தில் ஒரு வாசகம் செதுக்கியிருக்கிறது. கிழக்கோ மேற்கோ, வீட்டைப்போல வராது என்று அர்த்தம். எம்மர்சன் என்ற ஓவியர் ஆம்ஸ்ட்ராங்கை அந்த இருக்கையில் வைத்தே வரைந்திருக்கிறார்: கால்மாட்டில் நாய்கள், கையில் செய்தித்தாள், தலைக்கு மேல் அந்த வாசகம். பீரங்கி அரசர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினார் என்பதற்கு அதைவிட வேறு ஆவணம் தேவையில்லை. பழைய இங்கிலாந்தின் அடுப்பங்கரைச் சுகத்தைக் கட்டித்தருவதில் ஷாவுக்கு இணையில்லை. அவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கான பதில் இந்த மூலையில் கிடைத்துவிடுகிறது.

தண்ணீர் செய்த வேலை

ஆம்ஸ்ட்ராங் ஓடைகளைத் தடுத்து மொத்தம் 5 ஏரிகள் உண்டாக்கினார். அடியில் இருக்கும் டம்பிள்டன் ஏரி நீரின் அழுத்தத்தாலேயே பம்புகள் ஓடி, வீட்டுக்குத் தண்ணீரை மேலே ஏற்றின. வீட்டுக்குள்ளும் அழுத்தநீர் வேலை செய்தது. சமையலறையில் இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்றியது அதுதான். கீழிருந்து மேல்தளத்துக்கு லிஃப்டை ஏற்றியதும் அதுவே.

அந்த லிஃப்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஜமானர்கள் சொகுசாகப் போய்வர வைத்தது என்று நினைப்போம். அதன் முக்கியமான வேலை கரி தூக்குவது. ஒவ்வொரு அறையிலும் கணப்பு இருந்த வீட்டில், நாள் முழுக்கக் கரிவாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிய வேலைக்காரப் பெண்களின் முதுகு எப்படி இருந்திருக்கும்? அந்தப் பாரத்தில் ஒரு பகுதியைத் தண்ணீர் வாங்கிக்கொண்டது. வேலையாட்கள் இல்லாமல் போகவில்லை. பெரிய பட்டாளமே இருந்தது. ஆனால் அவர்களுடைய வேலையை ஒரு பொறியாளரின் கண்ணோடு பார்த்த வீடு அந்தக் காலத்தில் அபூர்வம்.

1878-இல் மின்சாரம் வந்தது. டெப்டன் ஏரியின் தண்ணீரில் ஓடிய டர்பைன், சீமென்ஸ் டைனமோ ஒன்றைச் சுழற்றியது. பகலில் அதே டர்பைன் மர அறுவைக்கு, ராத்திரியில் விளக்குக்கு. அங்கிருந்து வீடுவரை சுமார் 1,500 கஜம் செப்புக்கம்பி. முதலில் எரிந்தது காட்சிக்கூடத்தில் ஒரு ஆர்க் விளக்கு. கரித்துண்டுகளுக்கு நடுவே மின்பொறி பாய்ந்து எரிவது அது. கண்ணைப் பறிக்கும், சீறும், ஆடும். உயரமான கூடத்துக்கு ஒருவழியாகப் பொருந்தும்; புத்தகம் படிக்கும் அறைக்கு உதவாது.

அதற்கு வழி செய்தவர் நியூகாசில் வேதியியலாளர் ஜோசப் ஸ்வான். கண்ணாடிக் குமிழுக்குள் கரியிழை எரியும் விளக்கை 1879-இல் நியூகாசிலின் லிட் அண்ட் ஃபில் எனப்படும் இலக்கிய, தத்துவச் சங்கத்தில் அவர் காட்டியபோது, தலைமை வகித்தவர் ஆம்ஸ்ட்ராங். 1880 டிசம்பரில் அந்த விளக்குகள் கிராக்சைட்டில் எரிந்தன. ஸ்வானுடைய சொந்த வீட்டில் அதற்கு முன்பே அப்படி விளக்கு எரிந்தது என்பதால், முதல் மின்விளக்கு வீடு என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது. நீர்மின்சாரத்தில் இப்படி விளக்கேற்றிய முதல் வீடு என்பதுதான் சரியான பெருமை.

நூலகத்துக்கு வந்தவை 8 விளக்குகள். நான்கு கூரையிலிருந்து ஒரே கொத்தாகத் தொங்கின. மற்ற நான்கும் செம்பில் எனாமல் வேலை செய்த அலங்கார ஜாடிகளின் மேல் ஒவ்வொன்றாக நின்றன. ஜாடிகளுக்கு மின்சாரம் போன விதம் இது: ஜாடியின் உலோக உடம்பே ஒரு கம்பி. அதன் அடி, பீடத்தில் இருக்கும் பாதரசத்தில் அமர்ந்திருக்கும். விளக்கிலிருந்து திரும்பும் கம்பி உறை போட்டு ஜாடிக்குள்ளேயே இறங்கி, இன்னொரு சின்னப் பாதரசக் கிண்ணத்தில் தொடும். விளக்கை அணைக்க வேண்டுமா, ஜாடியைத் தூக்கு. ஏற்ற வேண்டுமா, திரும்ப வை. ஸ்விட்ச் என்று தனியாக எதுவும் வேண்டாம். இன்றைய எந்தப் பாதுகாப்பு விதியும் இதற்கு இடம் தராது. திறந்த பாதரசம் ஒரு பக்கம், மின்சாரம் ஓடும் ஜாடி இன்னொரு பக்கம். ஆனாலும் ஒரு வடிவமைப்பாளராக இதை நான் மிகவும் மதிக்கிறேன். புதிய கருவி வந்ததும் அதற்கென்று ஒரு அசிங்கமான பெட்டியைச் சுவரில் அறையவில்லை. ஏற்கெனவே அறையில் இருந்த அழகான பொருளையே விளக்காக்கி, அதைத் தொட்டுத் தூக்கும் கை அசைவையே ஸ்விட்சாக்கினார்கள்.

மொத்தம் 45 விளக்குகள் இருந்தன. அறைக்கு அறை மாற்றிக்கொள்ளும் வசதி இருந்ததால் ஒரே நேரத்தில் 37-க்கு மேல் எரிய வேண்டிய தேவை வரவில்லை என்று ஆம்ஸ்ட்ராங்கே எழுதியிருக்கிறார். இருக்கும் விசைக்குத் தக்கபடி அறைகளைப் பயன்படுத்தும் கணக்கு அது. தேவை கூடியதும் 1886-இல் பர்ன்ஃபுட் என்ற இடத்தில் பெரிய மின்நிலையம் கட்டினார். மேலே நெல்லீஸ் மாஸ் ஏரிகளிலிருந்து சுமார் 340 அடி உயர வித்தியாசத்தில் தண்ணீர் அங்கே இறங்கியது. அத்தனை உயரத்தைக் கொடுத்தது, கட்டுவதற்கு அவ்வளவு கஷ்டம் தந்த அதே சரிவுதான்.

வரவேற்பறை: எங்கே கை மீறியது

1884 ஆகஸ்டில் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்ட், மனைவி மக்களோடு வந்து தங்கினார். மலைச்சரிவு முழுக்க 10,000 சிறு விளக்குகள் ஏற்றினார்களாம். அந்த வருகைக்குத் தயாராக முடிக்கப்பட்டதுதான் பெரிய வரவேற்பறை.

கூடத்தைக் கடந்து உள்ளே நுழைந்தால் கூரைக் கண்ணாடி வழியாக மேலிருந்து வெளிச்சம் இறங்கும். எதிரே ஒரு சுவர் முழுக்க, இரண்டு மாடி உயரத்துக்கு, இத்தாலியப் பளிங்கில் செதுக்கிய கணப்பு. எடை 10 டன் என்பார்கள். வரைந்தவர் ஷாவின் தலைமை உதவியாளராக இருந்த லெத்தபி. பூக்கொத்து, குழந்தைகள், தோரணம் என்று மறுமலர்ச்சிக் காலத்து அலங்காரம் ஒரு அங்குலமும் விடாமல் நிறைந்திருக்கிறது. கைவேலையில் குறை சொல்ல முடியாது. நரம்பு ஓடிய பளிங்கை அந்த நுணுக்கத்துக்கு இழைத்தவர்களின் பொறுமை பெரியது.

ஆனால் அறையாக இது தோற்ற அறை என்பது என் தீர்மானம். சாப்பாட்டு அறைக் கணப்பில் இருவர் உட்கார்ந்து பேசலாம் என்று தோன்றும். இங்கேயும் கணப்பின் இருபுறமும் இருக்கை உண்டு; அந்தப் பளிங்கு மலைக்கு அடியில் உட்கார யாருக்கு மனசு வரும்? பள்ளத்தாக்குக் காட்சிக்காகவே தேர்ந்தெடுத்த மனையில், மிகப் பெரிய அறை தன் வெளிச்சத்தை வானத்திலிருந்து வாங்கிக்கொண்டு, காட்சிக்கு முதுகைக் காட்டுகிறது. 15 ஆண்டில் ஷாவின் நடையும் மாறிவிட்டது. பண்ணைவீட்டுப் பாணியிலிருந்து அரண்மனைப் பாணிக்குத் தாண்டியிருந்தார். வீட்டுக்காரரின் தேவையும் மாறிவிட்டது. சேர்த்துச் சேர்த்துக் கட்டுவதில் வரும் ஆபத்து இதுதான்: ஒவ்வொரு சேர்க்கையும் அந்தந்த வருஷத்து ஆசையைத்தான் கேட்கும், முதலில் அந்த மனை என்ன கேட்டது என்பதை மறந்துவிடும்.

பிறகு

ஆம்ஸ்ட்ராங் 1900 டிசம்பரில், 90 வயதில், இந்த வீட்டிலேயே இறந்தார். பிள்ளைகள் இல்லை, சொத்து வாட்சன் ஆம்ஸ்ட்ராங் என்ற உறவினர் வழிக்குப் போனது. பணமுடை வந்தது. 1910-இல் நல்ல ஓவியங்கள் பல ஏலம் போயின. காட்சிக்கூடம் கட்டப்பட்ட காரணமே பாதி போய்விட்டது. 1977-இல் வீடு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்து, 1979-இல் மக்கள் பார்வைக்குத் திறந்தது.

பராமரிப்பில் கடினமான கேள்வி ஒன்று உடனே எழுந்திருக்கும். மின்சாரத்தின் வரலாறே ஒரு வீட்டின் வரலாறாக இருக்கும்போது, பழைய ஒயரிங்கை என்ன செய்வது? விட்டால் தீப்பிடிக்கும், பிடுங்கினால் ஆவணம் போகும். 2006-இல் வீட்டை மூடிப் பெரிய அளவில் மறுசீரமைப்பும் புது ஒயரிங்கும் செய்து 2007-இல் திறந்தார்கள். 2014-இல் டம்பிள்டன் ஏரியில் மின்சாரம் எடுக்க 17 மீட்டர் நீளமுள்ள ஆர்க்கிமிடீஸ் திருகு ஒன்றை, அதாவது தண்ணீர் விசையில் சுழலும் திருகு வடிவ உருளையை, பொருத்தினார்கள். ஏரித்தண்ணீர் அதன் வழியே சுழன்று இறங்கி மீண்டும் ஓடையில் சேர்கிறது. வீட்டு விளக்குகளுக்கு மறுபடி நீர்மின்சாரம் வந்தது. திருகை மறைக்காமல் பார்ப்பவர் கண்ணில் படும்படி வைத்தது சரியான முடிவு. பழையதுபோல நடிக்காத புதுப் பொருள் அது.

அதைவிடச் சிக்கலானது மரம். ஆம்ஸ்ட்ராங்கும் மனைவி மார்கரெட்டும் வெறும் பாறையாக இருந்த சரிவில் எழுபது லட்சத்துக்கும் மேல் மரமும் செடியும் நட்டார்கள் என்பார்கள். டக்ளஸ் ஃபிர், வெல்லிங்டோனியா போன்ற அமெரிக்க ஊசியிலை மரங்களும் ரோடோடென்ட்ரான் புதர்களும் இன்று மலையை மூடி நிற்கின்றன. வீட்டுக்கு அடியில் உள்ள பாறைத்தோட்டம் ஐரோப்பாவின் பெரியவற்றில் ஒன்று. சுவருக்கும் பாறைக்கும் நடுவே கோடு தெரியாமல் செய்வதில் அந்தத் தோட்டத்துக்கும் ஷாவின் மணற்கல்லுக்கும் சம பங்கு உண்டு. 2021 நவம்பரில் வீசிய ஆர்வென் புயல் அந்தக் காட்டில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. விழுந்த இடத்தில் எதை நடுவது என்பது தோட்டக்காரர் தனியாக எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். எந்த மரம் எவ்வளவு உயரம் வளர்ந்து எந்த ஜன்னலை மறைக்கும், கீழே ஓடையைக் கடக்கும் இரும்புப் பாலத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் எந்தக் கூரை தெரியும் என்பதையெல்லாம் வீட்டின் வரைபடத்தை விரித்துவைத்து, கட்டடம் தெரிந்தவரும் காடு தெரிந்தவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.